இருள்வீரனுக்கு ஒரு பதவி உயர்வு

அணை கட்டியவர்களுக்குக் கல்வெட்டு வைக்கிறார்கள். பாலம் கட்டியவர்களுக்குத் திறப்பு விழாவில் ஒரு நாற்காலியாவது போடுகிறார்கள். ஆனால் மனிதகுலம் இதுவரை கட்டியவற்றிலேயே மிக உறுதியான ஒன்றை, எந்தப் பூகம்பத்திலும் பழி தன்மேல் விழாதபடி வடிவமைக்கப்பட்ட ஒன்றைக் கட்டியவனுக்கு இன்றுவரை ஒரு பாராட்டுக் கடிதம்கூட வரவில்லை. ஆகவே வெட்கத்தை விட்டு நானே சொல்லிக்கொள்கிறேன். எங்கள் மேலாளருக்கு இருள்வீரனைக் கட்டிக்கொடுத்தவன் நான்தான்.

எங்கள் கிளை, குளிர்பதனப் பெட்டிகளின் உதிரி பாகங்களை விற்கும் அலுவலகம். மேலாளர், கணக்காளர், தபால் பிரிவு அக்கா, மேலாளரின் உதவியாளனாகிய நான் என்று மொத்தம் நான்கு பேர். மூன்று பேர் போதும் என்று தலைமை அலுவலகத்துக்கு ஒரு நாள் ஞானோதயம் ஏற்பட்டது. யாரை அனுப்புவது என்பதை 'மனிதாபிமானத்துடனும் அறிவியல் அடிப்படையிலும்' முடிவு செய்ய ஓர் ஆலோசகரை அனுப்பிவைத்தார்கள். அவர் ஓட்டப்பந்தயக் காலணியோடு வந்து, பையைத் திறந்து, மேஜைமேல் பகடைகளைக் கொட்டினார்.

"இது கதை விளையாட்டு. ஆளுக்கொரு பாத்திரம் உருவாக்கணும்" என்றார்.

"பாத்திரம் ஆபீஸ்ல தருவாங்களா, வீட்லருந்து எடுத்துட்டு வரணுமா?" என்று கேட்டார் கணக்காளர். செலவு விஷயத்தில் அவர் எப்போதும் உஷார்.

"கதாபாத்திரம் சார். வீரன், மந்திரவாதி, அந்த மாதிரி. நான் கதை சொல்வேன், நீங்க என்ன செய்றீங்கன்னு சொல்லணும். பலிக்குமா இல்லையான்னு பகடை சொல்லும். கடைசியில யாரோட பாத்திரம் செத்துப்போகுதோ அவங்க..."

"வேலை போயிடுமா?"

"'விடுவிக்கப்படுவாங்க.' நாங்க அந்த வார்த்தையத்தான் பயன்படுத்துறோம்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எங்கள் எல்லோருக்கும் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்லி முடியாது. அக்காவின் முகம் மட்டும் வெளுத்துவிட்டது. அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி.

மேலாளர் என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். விதிப்புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

"எனக்கு ஒரு ஆளைக் கட்டிக் குடு. சாகவே கூடாது."

அந்தப் புத்தகத்தை நான் கரைத்துக் குடித்தேன். அதில் ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது. ஒரே தொழிலில் கிடந்து மாரடிக்க வேண்டியதில்லை. ஒரு தொழிலில் இரண்டு படி ஏறி, கிடைப்பதைச் சுருட்டிக்கொண்டு, கடமை தொடங்கும் இடம் வந்ததும் அடுத்த தொழிலுக்குத் தாவிவிடலாம். இப்படிப் பல தொழில்களைக் கலந்து கட்டுவதில் உச்சம்தான் இருள்வீரன். மேலாளரை மனத்தில் வைத்தே யாரோ எழுதியதுபோல இருந்தது.

"முதல்ல சத்தியவீரனா ஆரம்பிக்கிறோம் சார். ஏழை எளியவங்களைக் காப்பாத்துவேன்னு சத்தியம் பண்ணினா, உடனே இரும்புக் கவசம் கிடைக்கும்."

"அப்புறம் காப்பாத்தணுமா?"

"வேண்டாம் சார். சத்தியத்தை மீறிடலாம். கவசத்தைத் திருப்பிக் கேக்க மாட்டாங்க."

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்ல நிர்வாகம்."

"அடுத்து ஒரு பிசாசோட ஒப்பந்தம். கருநெருப்பு வீசலாம். பதிலுக்கு ஆன்மாவைக் குடுக்கணும்."

"யாரோட ஆன்மான்னு போட்டிருக்கா?"

"உங்களோடதுதான் சார்."

"கிளையோட ஆன்மான்னு மாத்திடு."

மாற்றிவிட்டேன். கடைசியாக, செய்த பாவம் ஒட்டாமல் இருக்க மதகுருவாக ஒரே ஒரு படி. இத்தனையும் சேர்ந்ததும் இருள்வீரனுக்குரிய மகத்தான ஆற்றல் வந்து சேர்ந்தது. அதன் பெயர் நிழல்வட்டம். அவன் அடிபடும்போதெல்லாம் பக்கத்தில் நிற்கும் தோழர்களின் உயிரிலிருந்து கொஞ்சம் உறிஞ்சிக்கொள்வான். தலைமைப் பண்பு என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

கணக்காளர் வில்லாளி ஆனார். தூர இருந்தே அம்பு விட்டுவிட்டு, 'நானில்லை' என்று சொல்லலாம். நான் ஒற்றன், ஒளிந்துகொள்வதில் கெட்டிக்காரன். அக்கா வைத்தியச்சி.

"எனக்குச் சண்டை போடத் தெரியாது தம்பி. யாருக்காவது அடிபட்டா கட்டுப் போடுறேன்" என்றார்.

விளையாட்டு, கூட்ட அறையில் தொடங்கியது. குகைக்குள் ஒரு டிராகன். அதற்குக் குரல் கொடுத்தவர் ஆலோசகரே. நாற்காலிமேல் ஏறி நின்று அவர் உறுமிய உறுமலில் காவலாளி ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இருபது முகங்கள் கொண்ட பகடை உருண்டது. எங்கள் மேலாளருக்கு முகங்கள் அதைவிடக் கூடுதல் என்பதால் யாருக்கும் கவலை இல்லை.

டிராகன் நெருப்பு கக்கியது. இருள்வீரனுக்குச் சுட்டது. அவன் எங்களை உறிஞ்சிக்கொண்டான். நாங்கள் சுருண்டு விழுந்தோம். அக்கா எங்களுக்குக் கட்டுப் போட்டார். மறுபடியும் நெருப்பு, மறுபடியும் உறிஞ்சல், மறுபடியும் கட்டு. கூட்டு முயற்சி என்றால் அதுதான்.

"அற்புதம்! என்ன ஒரு ஒருங்கிணைப்பு!" என்று டிராகனே பாராட்டியது.

அக்காவின் பையில் கடைசியாக ஒரே ஒரு மருந்து மிஞ்சியது. எல்லோரும் குற்றுயிராகக் கிடந்தோம், அம்பும் கருநெருப்பும் பட்ட டிராகன் உட்பட.

"எனக்குப் போடுங்க!" என்றார் மேலாளர்.

"சாருக்குப் போடுங்கக்கா" என்று நானும் கணக்காளரும் ஒரே குரலில் சொன்னோம். அதிகாரி பக்கத்தில் இருக்கும்போது உயிரைவிட மரியாதைதான் முக்கியம்.

அக்கா பகடையைக் கையில் வைத்துக்கொண்டு ஆலோசகரைப் பார்த்தார். "யாருக்குப் போடணும்னு சட்டம் ஏதாவது இருக்கா சார்?"

"இல்ல. உங்க இஷ்டம்."

"அப்ப டிராகனுக்குப் போடுறேன்."

சொல்லிக்கொண்டே பகடையை உருட்டினார். பலித்துவிட்டது.

"என்னம்மா இது? அது எதிரி!" என்று கத்தினார் மேலாளர்.

"உங்களுக்குக் கட்டுப் போடப் போட எங்க ரத்தம்தான் குறையுது சார். அது பாவம், அது வீட்ல அது இருந்துச்சு. நாமதான் போனோம்."

தெம்பு பெற்ற டிராகன் மூச்சை இழுத்து விட்டது. கவசம், கருநெருப்பு, புண்ணியம் எல்லாவற்றோடும் இருள்வீரன் சாம்பலானான். உறிஞ்சுவதற்குத்தான் எங்களிடம் ஒன்றும் மிச்சமில்லையே. நானும் கணக்காளரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் படாத பாடு பட்டோம். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். மதியம் கணக்காளர் தன் காசில் எல்லோருக்கும் தேநீர் வாங்கினார். அக்கா பல நாள் கழித்துச் சிரித்தார்.

அடுத்த வாரம் ஆலோசகரின் அறிக்கை வந்தது. மேலாளர் 'அணிக்காகத் தன்னையே எரித்துக்கொண்ட தியாகத் தலைமை' என்று கண்டறியப்பட்டு, தலைமை அலுவலகத்துக்குப் பதவி உயர்வு பெற்றார். அவர் இடத்துக்கு வேறொருவர் வருவார். வைத்தியச்சி 'நிறுவனத்தின் மருந்தை வெளியாளுக்கு வழங்கியவர்'. ஆகவே விடுவிக்கப்படுகிறார்.

டிராகனே எழுதிய அறிக்கை என்பதால் நடுநிலையில் யாரும் குறை சொல்ல முடியாது.

நாங்கள் கொதித்துப்போனோம். கழிப்பறையில் கணக்காளர், "இது அநியாயம்யா, விடக் கூடாது" என்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சொன்னார். நானும் அதே சத்தத்தில் ஆமோதித்தேன்.

விடுவிப்பு ஆணை தட்டச்சாகி வந்தது. மேலாளர் கையெழுத்திட்டு, "அனுப்பிடு" என்று என்னிடம் கொடுத்தார். இங்கேதான் ஒரு சிறு நிர்வாகச் சிக்கல் எழுந்தது. எங்கள் அலுவலகத்திலிருந்து எந்தக் கடிதம் வெளியே போவதானாலும் தபால் பிரிவு வழியாகத்தான் போக வேண்டும். தபால் பிரிவு என்றால் அக்கா.

நானும் கணக்காளரும் அவர் மேஜை முன்னால் போய் நின்றோம். உறையை நீட்டினேன். அக்கா ஆணையைப் பிரித்துப் படித்தார். நேராக மடித்து உறைக்குள் வைத்தார். தன் பெயரைத் தானே எழுதினார். தன் வீட்டு விலாசத்தை எழுதினார். பசை தடவி விரலால் அழுத்தி ஒட்டினார். பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"சாதாரணத் தபாலா, பதிவுத் தபாலா தம்பி?"

கணக்காளர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கினார். ஒரு டிராகனையே நேருக்கு நேர் பார்த்த எங்கள் அணியில், அந்த நேரத்தில் துணிந்து பேசியவன் நான் ஒருவன்தான்.

"பதிவுத் தபால்லயே போட்டுடுங்கக்கா," என்றேன். "தொலைஞ்சிடக் கூடாதுல்ல."