ஜப்பான் வரைக்கும் ஒரு டிக்கெட்

"நேத்துச் சாயந்தரம் ஜப்பான்காரன் ஒருத்தன் என் குரலைக் கேட்டு அசந்துபோயி, அம்பத்தொம்பது போட்டான்!"

செபஸ்தியான் இப்படிச் சொன்னதும், டீ மாஸ்டர் ஆற்றிய டீ இரண்டு குவளைக்கும் நடுவே அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது.

"நூத்துக்கா அண்ணே?" என்றான் பாண்டியராஜ். "அப்ப ஜஸ்ட் பாஸ்தான்."

"ரேடியோவுல அதுதான்யா நூத்துக்கு நூறு! குரல் கணீர்னு கேக்குதுன்னு அர்த்தம்."

பாண்டியராஜ் மைக்செட் கடைக்காரன். செபஸ்தியானின் வீட்டு ஓனரும் அவன்தான். கீழே கடை, மேலே இவர் குடித்தனம், அதற்கும் மேலே மொட்டைமாடி. அங்கேதான் ஓனரின் தண்ணீர்த் தொட்டிக்கும் ஓனரின் தென்னைமரத்துக்கும் நடுவே இவருடைய ஏரியல் கம்பி தொங்கியது.

"இங்கேருந்து நெய்க்காரப்பட்டிக்கே போன் ஒழுங்கா எடுக்கல. இந்தத் துணிக்கொடியில ஜப்பானா? வர்ற ஞாயித்துக்கிழமை என் கண்ணு முன்னால அவன் பேசணும். இல்ல, கம்பியை அவுத்துருவேன். எனக்கு குழாய் ஸ்பீக்கர் காயப்போட இடமில்ல."

"பேசுவான்!" என்று செபஸ்தியான் மேசையைத் தட்டினார். கம்பி போனால் ரேடியோ வெறும் டப்பா.

செபஸ்தியான் பழனி ரூட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். "போலாம், ரைட்!" என்று அவர் கத்தி விசில் ஊதினால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி லாரிகளும் சேர்ந்து கிளம்பும். அப்படிப்பட்ட குரல் வீட்டுக்குள் சும்மா கிடக்கலாமா? படித்தார். பரீட்சை எழுதி, நாடுவிட்டு நாடு பேசுகிற அமெச்சூர் ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்கினார். மதுரையில் ஒரு பழைய செட்டும் வாங்கினார்.

அன்றிலிருந்து தினமும் சாயந்தரம் மாடியில் ஒரே பாட்டுதான். மைக்கைப் பிடித்து, "சி க்யூ, சி க்யூ, யாராச்சும் இருக்கீகளா?" என்று ஆங்கிலமும் தமிழுமாய் உலகத்தையே அழைப்பார். சொல்லி முடித்ததும், விசில் ஊதுகிற மிடுக்கோடு மைக்கின் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். கட்டைவிரல் வலித்ததும் விடுவார். திரும்ப அழைப்பார். மாதக்கணக்கில் ஒரு ஈ, காக்கா பதில் சொல்லவில்லை. நேற்றுத்தான், கீழே பாண்டியராஜ் குழாய் ஸ்பீக்கரில் 'மைக் டெஸ்டிங்' என்று காதைக் கிழித்த நேரத்தில், "ஹலோ ஸ்டேஷன், ஃபைவ் நைன், திஸ் இஸ் ஜப்பான்!" என்று வந்தது. இவர் பதறி எழுந்து, நாற்காலியைத் தள்ளி, தன் பேரைச் சொல்லி பட்டனை அழுத்துவதற்குள் ஜப்பான் போய்விட்டது.

திங்கட்கிழமை கம்பியை இன்னும் உயரக் கட்டினார். தேங்காய்க்குலை ஒன்று தொட்டிமேல் விழுந்து, தெரு முழுக்கத் தண்ணீர். ஜப்பான் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை எதிரொலி வருகிறதென்று கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பேசினார். மனைவி புஷ்பமேரி துணி எடுக்க வந்து, "யேசுவே!" என்று அலறி படியில் சறுக்கினாள். ஜப்பான் வரவில்லை.

புதன்கிழமை பாண்டியராஜிடமே போய் நின்றார். "தம்பி, உன் மைக்செட் இரைச்சல்தான் இடைஞ்சல். ஞாயித்துக்கிழமை வரைக்கும் சாயந்தரம் போடாதப்பா."

"தாராளமா. அப்புறம் எம்மேல பழி போடக்கூடாது, ஆமா."

அதன்பிறகு மாடியில் அப்படி ஒரு நிசப்தம். எறும்பு நடந்தால் கேட்கும். ஜப்பான் மட்டும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரில் பாதி மாடியில் ஏறிவிட்டது. டீ மாஸ்டர் கேனோடு வந்தார். பாண்டியராஜ் கையில் கட்டிங் பிளேயர்.

"ஆரம்பிங்கண்ணே."

செபஸ்தியான் அழைத்தார். பட்டனை அழுத்தினார். காத்திருந்தார். மறுபடி அழைத்தார். குரல் கரகரத்தது. புஷ்பமேரி தண்ணீர் கொடுத்தாள்.

"விடுங்க, போதும். கம்பி போனா போவுது," என்றாள் மெதுவாக. நேற்றுவரை சிரித்தவள்தான். இன்று அவள் கண்ணே கலங்கியிருந்தது.

அவர் கடைசியாக ஒருமுறை கத்தினார். பட்டனை அழுத்தினார். எதிரே பாண்டியராஜுக்குக் கை பரபரத்தது. ஆயுள் பூராவும் மைக்கோடு குடும்பம் நடத்தியவன் எத்தனை நேரம்தான் பொறுப்பான்?

"மைக்கைப் புடிக்கிற லட்சணமா இது? இப்படி வாயிக்குப் பக்கத்துல வெச்சு..." என்று அவர் கையோடு சேர்த்து மைக்கை இழுத்து, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ!" என்றான்.

செபஸ்தியானின் விரல் சோர்ந்து பட்டனை விட்டது.

கொர்ரென்ற இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் துள்ளி வந்தது. "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங் ஸ்டேஷன்! திஸ் இஸ் ஜப்பான். யூ ஆர் ஃபைவ் நைன் அகெய்ன்!"

மாடியே எழுந்து கத்தியது. டீ மாஸ்டர் கேனைக் கவிழ்த்தார். புஷ்பமேரி சிலுவை போட்டாள். செபஸ்தியான் பாண்டியராஜைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்.

"இப்ப நம்புறியா? சொல்லுய்யா, ஊரு கேக்கச் சொல்லு!"

பாண்டியராஜ் கட்டிங் பிளேயரைச் சட்டைப்பையில் போட்டான். அவருடைய கட்டைவிரலையும் பட்டனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நெசந்தாண்ணே, ஒத்துக்கறேன். அன்னைக்கும் ஜப்பான்காரன் பேசியிருக்கான், இன்னைக்கும் பேசிட்டான். ஆனா ரெண்டு தடவையும் அவன் கேட்டது எங்குரலைத்தான். பட்டனை அமுக்கினாத்தான் குரலே போகும்; நீங்க பேசி முடிச்சிட்டுல்ல அமுக்குறீங்க!"