இன்னும் ஒரு கால் சுற்று

கால் சுற்றுக்காரரை உங்களுக்கு நிச்சயம் தெரியும். வேறொருவன் முடுக்கி முடித்த நட்டின் மேல் ஸ்பேனரைப் போட்டு இன்னும் ஒரு கால் சுற்று சுற்றாவிட்டால் அவருக்கு அன்றைய சோறு செரிக்காது. குழாயை மூடினால் வாஷர் நசுங்கும் வரை மூடுவார். ஊறுகாய்ப் பாட்டிலை மூடினால் அதைத் திறக்கப் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வர வேண்டும். அவர் மாட்டைக் கட்டினால் அவிழ்ப்பதற்கு அரிவாள் வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் சரியாக அச்சாகியிருந்தாலும், அச்சுக்கூடத்துக்காரனைக் கூப்பிட்டு அதன் கீழேயே இன்னொரு முறை போடச் சொல்வார். ஏன் என்று கேட்டுப் பாருங்கள்.

"கெடக்கட்டுமே, கெட்டியா இருக்கும்."

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் ஆயுசை ஓட்டிவிடுவார். அடுத்தவன் வேலையைக் குறை சொல்ல மாட்டார், அதுதான் விசேஷம். "நல்லாத்தான் பண்ணிருக்க" என்று சொல்லிக்கொண்டே ஸ்பேனரைக் கையில் எடுப்பார்.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகும் சாலையில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் பாவாடைக்கு இந்த இனத்தை நடையிலேயே தெரிந்துவிடும். அவனுக்கு வயது பத்தொன்பது. ஏழாம் வகுப்போடு அவனும் பள்ளிக்கூடமும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்துவிட்டார்கள். கல்வராயன் மலைக்கு ஏறி இறங்கும் கிழட்டு ஜீப்புகளெல்லாம் அவனிடம்தான் வரும். தேய்ந்த போல்ட், மரை போன நட்டு, பாதியில் முறிந்து இரும்புக்குள்ளேயே குடியேறிவிட்ட ஸ்டட் என்கிற தலையில்லாத போல்ட், இவைதான் அவன் பிழைப்பு. அந்தப் பிழைப்பில் பாதியைக் கொடுத்தது மலைச்சாலை. மீதியைக் கொடுத்தவர்கள் கால் சுற்றுக்காரர்கள்.

அவர்களுக்கென்றே அவன் ஒரு வித்தை வைத்திருந்தான். வண்டியை முடித்துக் கொடுக்கும்போது, பேட்டரியைப் பிடித்திருக்கும் நட்டை மட்டும் கொஞ்சம் தளர்த்தி விட்டுவிடுவான். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. வந்தவர் பானெட்டைத் திறந்து ஒவ்வொரு நட்டாகத் தொட்டுக்கொண்டே வருவார். அதைக் கண்டுபிடிப்பார். முகம் மலரும். கால் சுற்று சுற்றுவார்.

"பாத்தியா? நான் பாக்கலன்னா?"

"ஆமா மொதலாளி, மலையில நின்னுகினு இருந்திருப்பீங்க" என்று பாவாடை தலையைச் சொறிவான். அவரும் சந்தோஷம், என்ஜினும் சேமம். சாமிக்குப் படைத்துவிட்டுத்தானே நாம் சாப்பிடுகிறோம்? அப்படி ஒரு நட்டு.

1987 செப்டம்பரில் ஒரு நாள் இந்த வித்தையை அவன் மறந்தான்.

அன்றைக்குக் காலையில் வந்தவர் நாராயணசாமி. சொந்த நிலம், சொந்த ஜீப், சொந்த ஸ்பேனர். கூடவே மகள் விஜயலட்சுமி, மடியில் ஒரு காக்கி உறை. மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டீச்சர் வேலை வந்திருந்தது. தபால் எங்கெங்கோ சுற்றி முந்தின நாள்தான் வந்து சேர்ந்தது. இன்று மாலை ஐந்து மணிக்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். இடஒதுக்கீடு கேட்டு நாளையிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல். பயத்தில் இன்றைக்கே மலை பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருந்தது இந்த ஜீப் ஒன்றுதான். அதன் வாட்டர் பம்ப்போ ஒழுகிக்கொண்டிருந்தது. அப்படியே ஏறினால் மூன்றாவது வளைவில் என்ஜின் கொதித்து நின்றுவிடும்.

மறியல் நியாயமானதுதான். நாராயணசாமி அதற்காக ஊர் ஊராகச் சைக்கிளில் போனவர். "பிள்ளைங்க படிச்சுட்டு வேலை இல்லாம கெடக்குதுங்க" என்று மேடையில் சொல்லும்போது அவருக்கு உண்மையாகவே குரல் உடையும். ஆனால் சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் விழுந்தால் போதும் என்று கூட்டம் முடிவு செய்த பிறகு எழுந்து, "கெடக்கட்டும், இன்னொண்ணும் தள்ளுங்க" என்றவரும் அவர்தான்.

"பம்ப்புல நாலு ஸ்டட்டும் தேஞ்சுபோச்சு மொதலாளி. நாலையும் மாத்திடலாம்" என்றான் பாவாடை.

"ரெண்டு மாத்து. மத்தது ரெண்டும் கெட்டியாத்தான் இருக்கு."

பாருங்கள், மாற்ற வேண்டியதை மாற்றச் சொன்னால் மட்டும் அவருக்கு இது போதும் என்று தோன்றிவிடும்.

பாவாடை இரண்டை மாற்றினான். பழைய இரண்டையும் அவை தாங்குகிற அளவுக்கு, அதற்கு மேல் ஒரு மயிரிழை கூட இல்லாமல் முடுக்கினான். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடுகிறவர்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். பள்ளிக்கூடத்தை நோக்கி ஓடுகிற ஒருத்தியை அன்றுதான் பார்த்தான். அந்த மரியாதையில் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு நட்டு விடாமல் சரி பார்த்தான். பேட்டரி நட்டையும் முடுக்கிவிட்டான். அங்கேதான் தப்பு.

அவன் கை கழுவப் போனான். நாராயணசாமி பானெட்டுக்குள் குனிந்தார். தொட்டார். அசைத்தார். ஒன்றும் தளரவில்லை. மறுபடி முதலிலிருந்து தொட்டார். ஒன்றுகூடத் தளரவில்லை. வைத்தியர் கை பிடித்துப் பார்த்து நோயே இல்லை என்று சொன்னால் சிலருக்குச் சந்தேகம் இன்னும் கூடுமே, அப்படி அவருக்கும் கூடிவிட்டது. எங்கேயோ ஏதோ இருக்கிறது, இந்தப் பையன் கவனிக்கவில்லை. ஸ்பேனரின் பிடியில் ஒரு நீளமான பைப்பைச் செருகி, வாட்டர் பம்ப்பின் பழைய ஸ்டட்டில் போட்டு, மகளின் எதிர்காலத்தை நினைத்துக்கொண்டு ஒரு கால் சுற்று.

டக்.

"இன்னா நைனா சத்தம்?" என்றாள் விஜயலட்சுமி.

"ஒண்ணுமில்லம்மா. செட் ஆவுது."

செட் ஆனது அவர் செருப்பு நனைய ஒழுகிக்கொண்டிருந்தது. பாவாடை ஓடிவந்து பார்த்தான். ஸ்டட்டின் பாதி நட்டோடு அவர் கையில் இருந்தது. மீதிப் பாதி என்ஜினுக்குள் இருந்தது.

"இன்னா மொதலாளி இது?"

"நல்லாத்தான் பண்ணிருந்த. சும்மா ஒரு கால் சுத்து..."

விஜயலட்சுமி காக்கி உறையை மடியிலிருந்து எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் பாவாடைக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மணி பதினொன்று.

முறிந்த ஸ்டட்டை வெளியே எடுப்பது பலத்தால் ஆகிற காரியம் இல்லை. பம்ப்பைக் கழற்றி, நகக்கண் அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் துண்டைச் சூடாக்கி, மண்ணெண்ணெய் சொட்டவிட்டு, பல் உள்ள குறடால் கவ்வி, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று தாஜா பண்ணிக் கூட்டிவர வேண்டும். அவசரப்பட்டால் அந்த நகக்கண்ணும் போய்விடும். அதற்குள் நாராயணசாமி இரண்டு தடவை, "நான் ஒரு கை பிடிக்கட்டா?" என்று கேட்டுவிட்டார்.

ஷெட்டின் மூலையில் ஒரு செத்துப்போன லாரி என்ஜின் கிடந்தது. பாவாடை அதைக் காட்டினான்.

"மொதலாளி, அதுல நட்டு எதுவுமே எனக்கு சரியா டைட் ஆவ மாட்டேங்குது. உங்க கை போட்டாத்தான்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று பைப்பை எடுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம், என்றைக்குமே ஓடப்போகாத ஒரு என்ஜினை அவர் முடுக்கினார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியது. மூன்று நட்டுகளைச் சிதைத்தார். அவ்வளவு திருப்தியான மனிதரை நீங்கள் பார்த்திருக்க முடியாது.

"தம்பி, வருமா அது?" என்றாள் விஜயலட்சுமி மெதுவாக.

"வரும் டீச்சர். அதுக்குக் கோவம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும்."

இன்னும் கையெழுத்துப் போடாதவளை டீச்சர் என்று முதலில் கூப்பிட்டவன் அவன்தான். ஒரு மணிக்குத் துண்டு வந்தது. மீதியிருந்த பழையதையும் அவன் யாரையும் கேட்காமல் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு இடத்திலும் புதியதைப் போட்டான். இந்த முறை பேட்டரி நட்டை நன்றாகவே தளர்த்திவிட்டு, "மொதலாளி, ஒருவாட்டி பாத்துடுங்க" என்றான். அவர் கண்டுபிடித்தார். முகம் மலர்ந்தது. "பாத்தியா?"

மலையில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று சொல்லிக்கொண்டு பாவாடையும் ஜீப்பில் ஏறினான். நிற்கவில்லை. நாலே முக்காலுக்குத் தலைமையாசிரியர் பதிவேட்டை நீட்ட, விஜயலட்சுமி பேனாவைத் திறந்தாள்.

"இன்னும் கொஞ்சம் அழுத்திப் போடும்மா" என்றார் நாராயணசாமி, தோளுக்குப் பின்னாலிருந்து.

"நைனா, நீங்க வெளிய நில்லுங்க" என்றாள் டீச்சர். அவர் போய் வெளியே நின்றார்.

மறியலுக்கு முன்னால் கீழே இறங்க வேண்டும். "பாத்து இரும்மா" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்தார். வளைவு வரை போனார். நிறுத்தினார். ரிவர்ஸில் அவ்வளவு தூரமும் திரும்பி வந்து, ஜீப்பிலிருந்து தலையை நீட்டி, "பாத்து இரும்மா" என்றார்.

பாவாடைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஷெட்டுக்கு வருகிறவர்களிடம் இதை எப்படி நடித்துக் காட்டலாம் என்று அவன் மனசுக்குள் ஒத்திகையே பார்க்கத் தொடங்கிவிட்டான். வண்டி மறுபடி கிளம்பியது. வளைவு வந்தது. அவன் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகக் கத்தினான்:

"டீச்சர், பாத்து இருங்க."

சிரியுங்கள், சிரியுங்கள். நீங்கள் நட்டு, போல்ட் பக்கமே போகாதவர். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போன மாதம் மகளைப் பஸ் ஏற்றிவிடும்போது, "போய்ச் சேந்ததும் தகவல் சொல்லு" என்றீர்கள், அவளும் தலையாட்டினாள். பஸ் நகர்ந்த பிறகு ஜன்னலோரமாகவே ஓடி அதையே இன்னொரு முறை சொன்னீர்களே, முதல் தடவை அவளுக்குக் காது கேட்கவில்லையா?