பெரில் அமர்ந்த படலம்

ஒற்றைக் கையால் நாற்பது பேருக்கு உருளைக்கிழங்கு மசிக்கும் உலக்கைத்தோளாள், கொதிக்கும் குழம்புக்கு முன் கண்ணிமைக்காக் கொற்றவை, இரு முழங்காலும் நறநறவென்று முரசறைய மலையேறும் மாண்பினாள், மழைச்சட்டை என்னும் மஞ்சட்கவசம் பூண்ட மாமறத்தி, அறுபத்து மூன்று அகவை நிரம்பிய பெரில் அக்ராய்டு வாழி! அவள் முதுகுப்பையில் சிறுவாளெனச் செருகிக் கிடக்கும் ஃபிளாஸ்க் வாழி! அந்த ஃபிளாஸ்க்கினுள் வெளியுலகம் காணாமல் வெந்து தவிக்கும் தேநீரும் வாழி!

அவள் வேண்டியது விண்ணுலகம் அன்று, மண்ணுலகமும் அன்று. ஐந்து நிமிடம். உட்கார்ந்து, ஆவி பறக்க ஒரு கப் டீ. யார்க்‌ஷயர் மலைகளில் ஞாயிறுதோறும் நடக்கும் நடைச் சங்கத்தில் அவள் சேர்ந்து ஏழு வாரம் ஆகிறது. ஏழு வாரமும் அது கிட்டவில்லை. எட்டாவது ஞாயிறன்று காலை, கார் நிறுத்துமிடத்தில் பூட்ஸ் கயிற்றை இறுக்கியபடி அவள் டெஸ்மண்டிடம் சூளுரைத்தாள். டெஸ்மண்ட் என்பவன் ஆரஞ்சுநிறச் சட்டை அணிந்த கடைக்காவலன். எவர் பிந்தினாலும் அவருக்கும் பின்னால் வருவதே தன் குலதருமமாகக் கொண்டவன். ஆகவே அவன் வாழ்க்கையில் பார்த்ததெல்லாம் பெரிலின் முதுகு.

"இன்னிக்கும் உக்காந்து டீ குடிக்க விடலன்னு வை, அடுத்த வாரத்துலேர்ந்து நான் வரமாட்டேன். பிங்கோவுக்குப் போயிடுவேன்."

"அங்க உக்காந்துதானே ஆடுவாங்க?"

"அதுக்குத்தான்யா சொல்றேன்."

அவள் இன்னலுக்குக் காரணம் அந்தச் சங்கத்தின் சட்டம். முன்னே பாய்ந்தவர் முகட்டில் காத்திருக்க வேண்டும். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் படை புறப்பட வேண்டும். கேட்டால் எவ்வளவு நியாயம்! வேகமாகப் போனவனுக்குக் கால்மணி நேர ஓய்வு, ஆப்பிள், பிஸ்கட், காட்சி. மெதுவாக வந்தவளுக்கு, வந்த கணமே புறப்பாடு. ஓய்வு யாருக்குத் தேவையோ அவளுக்கு மட்டும் ஓய்வு கிடையாது. இதை அறம் என்று யார் சொன்னது? முன்னால் போனவர்கள்தான் சொன்னார்கள்.

அச்சட்டத்தின் காவலனாக, வரைபடத்தைக் கேடயமெனக் கழுத்தில் தொங்கவிட்டு, தலைகளை எண்ணித் தலைகளை எண்ணியே தன் தலை வழுக்கையான ரோட்னி முன்னணியில் நடந்தான். ஓய்வு பெற்ற தலைமையாசிரியன். அவன் பள்ளியின் சமையற்கூடத்தில்தான் பெரில் முப்பத்தோராண்டு கரண்டி பிடித்தாள். அவன் பக்கத்தில், இரு கைத்தடிகளும் இரு வேலெனப் பாறையைக் குத்திக் கிளப்ப, ஐம்பது வயதிலும் ஆட்டுக்குட்டியாய்த் துள்ளும் ஹிலரி. ஆக மொத்தம் பதினான்கு பேர்.

முதற்போர் ஆட்டுப்பட்டி வாசலில் நிகழ்ந்தது. மூச்சு உலைத்துருத்தியாகி, முகம் பீட்ரூட்டாகி, பெரில் ஏறி வந்தபோது அங்கே பன்னிருவர் புல்லில் சாய்ந்து கால்நீட்டிக் கிடந்தனர். அவர்கள் நடுவே ஓர் இடம், ஒரே ஓர் இடம், இந்திரன் அரியணைபோல் வெறுமையாய் ஒளிர்ந்தது. அவள் பையின் ஒரு பட்டையைத் தோளிலிருந்து இறக்கினாள். மறுபட்டை இறங்குமுன் ரோட்னி எழுந்து, திசையெட்டும் அதிரச் சங்கநாதம் செய்தான்:

"அடடே, வாங்க பெரில்! எல்லாரும் வந்தாச்சா? சரி, கிளம்பலாம்!"

புல்லில் கிடந்த பின்புறங்கள் யாவும் ஒருசேர எழுந்தன. பட்டை மீண்டும் தோளேறியது.

இரண்டாம் போர் ஓடைக்கரையில். அதைச் சொல்லி என்ன பயன்? அங்கே அவள் பட்டையைத் தொடக்கூட இல்லை.

மதியச் சாப்பாட்டின்போது பெரில் தந்திரப்போரில் இறங்கினாள். சங்கம் சாப்பிட அமர்ந்தது முகட்டுக் கற்குவியலருகே. அவள் வந்து சேர்ந்தபோது ஹிலரி முட்டை சாண்ட்விச்சின் தாளை நான்காய் மடித்துக்கொண்டிருந்தாள். பெரிலோ நில்லாமல், அமராமல், தன் பன்றியிறைச்சி பஃப்ஸை வாயில் கவ்வியபடியே பாசறையைக் கடந்து நேரே முன்னேறினாள். இவர்கள் எழுமுன் நான் பாதி வழி போய்விடுவேன், எல்லாருக்கும் முன்பாக ஒரு பாறையைப் பிடிப்பேன், அதில் அமர்வேன்! அந்த முன்னிலை ஏழு நிமிடம் நீடித்தது. எட்டாம் நிமிடத்தில் பன்னிரண்டு சோடி பூட்ஸ்கள் ஊழிப்பெருவெள்ளமென வந்து அவளை இருமருங்கும் கடந்தன.

"இன்னிக்கு என்ன சுறுசுறுப்பு பெரில்!" என்று வாழ்த்திவிட்டுப் போனாள் ஹிலரி.

டெஸ்மண்ட் மட்டும் கடக்கவில்லை. "கண்ணு, பேசாம இங்கேயே உக்காரேன். நான் இருக்கேன்ல," என்றான்.

"உக்காந்தா நம்ம ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போயிடுவாங்க. வழி அந்த ஆளு கழுத்துல தொங்குது."

கேளீர், கேளீர்! ஆணவம் ஏறியவன் அறிவு இறங்கும். மூடுபனி மலையை முக்காடிட்டு மறைத்த வேளை, பாதை இரண்டாய்ப் பிரிந்த இடத்தில் ரோட்னி இடப்பக்கம் திரும்பினான். அங்கே ஒரு கற்சுவர். அதைத் தாண்ட, சுவரிலேயே பிதுங்கி நிற்கும் படிக்கற்கள். உச்சியில் ஓராள் மட்டும் நுழையும் இடுக்கு. அதற்கப்பால் இரு சுவர்களுக்கிடையே ஒடுங்கிய சந்து. ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம். முந்திச் செல்ல எலிக்கும் இயலாது. பன்னிருவர் படியேறி இறங்கி அச்சந்தில் மறைந்தனர். பெரில் ஏறி, இறங்கி, பதினைந்து அடி வைத்தாள். அப்போது சந்தின் அந்தக் கடைசியில், சுவரும் சேறும் சினங்கொண்ட ஒரு காளையும் சேரும் முட்டுமூலையிலிருந்து, பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"நாம வழி தப்பல! இது வேற ஒரு வழி, அவ்வளவுதான்! எல்லாரும் அப்படியே திரும்பி நடங்க!"

அப்படியே திரும்பி. அந்த ஒரு சொல்லில் உலகம் தலைகீழானது. வால் தலையாயிற்று. கடையாள் முதலாளானாள். பெரில் திரும்பினாள், பதினைந்து அடி நடந்தாள், இரண்டு படி ஏறினாள், உச்சி இடுக்கில் தன் இருப்பை இருத்தினாள். இடுக்கு அடைந்தது. கோட்டைக்கதவு சாத்தியதுபோல், குகைவாயிலில் குன்று வீழ்ந்ததுபோல், புட்டிவாயில் தக்கை இறுகியதுபோல் அடைந்தது. சுவருக்கு இப்பால் இன்னும் ஏறாமல் நின்ற டெஸ்மண்ட், ஏதும் கேட்காமல் ஃபிளாஸ்க் மூடியைக் கைநீட்டி வாங்கிக்கொண்டான்.

ஆவி எழுந்தது! எட்டு ஞாயிறுகளின் ஏக்கமெல்லாம் திரண்டு வெண்கொடியாய் விண்ணேறியது!

படை சந்து வழியே வந்து முட்டி நின்றது. பின்னாலிருந்து ஹிலரி கத்தினாள்: "முன்னாடி என்ன ஆச்சு?"

"பெரில் டீ குடிக்கிறா," என்று ஒருவர் சொல்ல, அது வாய்க்கு வாய் மாறிக் கடைசிவரை போயிற்று. கடைசியில் நின்றவன் ரோட்னி. வரைபடத்தால் வழி விலக்கி, சுவரோடு சுவராய் உரசி, பதினொரு வயிறுகளைத் தாண்டி, சட்டையெல்லாம் பாசி பூச, அவன் முன்னே வந்தான். பழக்க தோஷம், தலைகளை எண்ணினான்.

"எல்லாரும் வந்தாச்சா? சரி, கிளம்..."

"நான் இன்னும் உக்காந்து முடிக்கல, ரோட்னி."

"இல்ல, கீழ இறங்கி அந்தப் பக்கம் உக்காந்து வசதியா குடிக்கலாமேன்னு..."

"இறங்குனா நீங்க கிளம்பிடுவீங்க."

ஆடுகள் அசைபோடுவதை நிறுத்தின. பெரில் கோப்பையை உயர்த்தி, அவையோர் அறிய, ஆட்டுக்கூட்டம் அறிய, அறைந்தாள் ஒரு பிரகடனம்:

"முப்பத்தோரு வருஷம் உங்க பள்ளிக்கூடத்துல நின்னுக்கிட்டேதான் சாப்பாடு போட்டேன். நீங்க தட்டை நீட்டிட்டு 'இன்னும் கொஞ்சம் குழம்பு'ன்னு கேப்பீங்களே, அப்பவும் நின்னேன். உங்க பிரிவுபசார விழாவுல கேக் வெட்டுனீங்க, அதுக்கும் நின்னேன். இப்ப நான் உக்காந்திருக்கேன். கொஞ்ச நேரம் நீங்க நில்லுங்க."

ரோட்னி நின்றான். அவனுக்குப் பின் பதினொருவர் நின்றனர். ஹிலரியின் இரு வேல்களும் சேற்றில் சாய்ந்தன. எவரோ ஒரு பிஸ்கட்டைக் கைக்குக் கை கடத்த, அது கப்பமென அரியணை வந்தடைந்தது. அதை அவள் தேநீரில் தோய்த்து, உடையுமுன் வாங்கி, கண்மூடி மென்றாள். முதல் கப்பில் முழங்கால் குளிர்ந்தது. இரண்டாம் கப்பில் மூடுபனி விலகி, மலையடுக்குகள் பாலாடையெனச் சுருண்டு சுருண்டு கீழே விரிய, சங்கத்தில் சேர்ந்த நாள்முதல் அவள் ஒருமுறையும் நின்று பார்த்திராத அந்தக் காட்சியை, பெயர் தெரியாத அந்தப் பள்ளத்தாக்கை, அதன் வெள்ளிக்கீற்று ஆற்றை, வேந்தர் எவரும் அமர்ந்திராத உயரத்தில் அமர்ந்து, எவருக்கும் எழாத ஏகபோக மகாராணியாய், வானும் மண்ணும் வரிசை நின்று வணங்க, பெரில் அக்ராய்டு ஆர அமரக் கண்டாள்!

மூன்றாவது கப் முடிந்ததும் அவளுக்கு ஒன்றுக்கு வந்தது, சுற்றிலும் ஒரு புதர்கூட இல்லை.