யப்பான்காரனும் மெத்தை விரிப்பும்

"கட்டினால் அந்த யப்பான்காரனைப் போல ஒருத்தனைக் கட்டியிருக்க வேணுமடி!"

இத்தாலியில், சீசா என்ற பகுதிக்குப் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த இரண்டு தமிழ்ப் பெண்களில் ஒருத்தி சொன்னது, பின்னால் தொங்கிக்கொண்டு நின்ற விமலராஜின் காதில் விழுந்தது.

"எங்கட தர்சனாக்கா அவன்ர வீடியோ ஒண்டும் விடமாட்டா" என்றாள் மற்றவள்.

தர்சனா விமலராஜின் மனைவி.

யப்பான்காரன் என்பது தொக்குனாகா, ஓய்வுபெற்ற உதைபந்தாட்டக் கோல் காப்பாளன். பந்து பிடித்த காலத்தில் அவனைப் பக்கத்து வீட்டுக்கும் தெரியாது. இப்போது வீட்டில் துணி மடிக்கிறான், சட்டி தேய்க்கிறான், வாய் திறப்பதில்லை. நாற்பது லட்சம் பேர் பார்க்கிறார்கள்.

விமலராஜுக்கென்று இருந்த ஒரே சொத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம். பதினொரு வருடமாக அதை ஒரு பொய்யால் காத்துவந்தான். மொண்டெல்லோவில், சின்யோரா என்று அவன் கூப்பிடும் இத்தாலிய எசமானியின் வீட்டில் கிழவருக்குத் துணையாக இருப்பதுதான் வேலை என்று சொல்லியிருந்தான். உண்மையில் அங்கே கூட்டுவது, துடைப்பது, அயன் பண்ணுவது எல்லாம் அவன்தான். கலியாணமான புதிதில் தர்சனாவின் சேலை ஒன்றைச் சுட்டுவைத்து, "எனக்கு உது வராதப்பா" என்றவன், பிறகு வீட்டில் அயன் பெட்டியைத் தொட்டதில்லை.

"இஞ்சை பாருங்கோ, என்ன வடிவா மடிக்கிறான்!" என்று அன்றிரவு தர்சனா போனை நீட்டினாள்.

"உதெல்லாம் கமராவுக்கு. பிறகு மனிசிதான் மடிக்கும்."

"அப்ப உங்களுக்கும் ஒரு கமரா வாங்கட்டோ?"

யப்பான்காரனை விழுத்தாமல் விடுவதில்லை என்று விமலராஜ் முடிவெடுத்தான். தன் போன் நம்பரிலேயே 'சால்வோ' என்ற இத்தாலியப் பெயரில் கணக்குத் திறந்து, அந்த வீடியோவின் கீழே இத்தாலிய மொழியில் எழுதினான்: "கோல் காப்பாளருக்கு மூலை காக்கத் தெரியவில்லை. எலாஸ்டிக் வைத்த மெத்தை விரிப்பின் நாலு மூலையையும் ஒன்றுக்குள் ஒன்று செருகிவிட்டுத்தான் மடிக்கவேண்டும்."

விடிய எழும்பிப் பார்த்தால் தொள்ளாயிரம் பேருக்கு அது பிடித்திருந்தது. பக்கத்து ஊரான பகேரியாவிலிருந்து லூச்சியா என்றொரு பெண் எழுதியிருந்தாள்: "மாஸ்டர், ஒருமுறை செய்து காட்ட மாட்டீர்களா?"

பதினொரு வருடத்தில் அவனை யாரும் மாஸ்டர் என்று சொன்னதில்லை. 'அந்த மூலையில் இன்னும் தூசு' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். சின்யோராவின் கட்டிலில் விரிப்பை மடித்து, கை மட்டும் தெரிய வீடியோ அனுப்பினான். லூச்சியா சட்டைக் கொலர் அயன் பண்ணிக் காட்டக் கேட்டாள். கண்ணாடி யன்னல் கேட்டாள். மூன்று கிழமையில் ஏழு வீடியோ.

ஞாயிறு மத்தியானம். சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்தவனின் கண் செருகியது.

"சால்வோ!"

"ஓம்?" என்று விட்டான்.

தர்சனா ஒரு கூடைத் துணியோடு நின்றாள். மேலே அவள் போன். அதில் திறந்திருந்தது லூச்சியாவின் கணக்கு, அவன் அனுப்பிய ஏழு வீடியோவோடு.

"நீங்கள் சால்வோவான அண்டைக்கே, 'இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' எண்டு போன் எனக்குச் சொல்லிப்போட்டுது. அதுதான் நானும் லூச்சியாவானன். கிழவரைப் பாக்கிற கையிலை ஏன் பிளீச் மணக்குது எண்டு எத்தினை வருசம் யோசிச்சனான்!"

"நாரி நோகுதப்பா..." என்று இடுப்பைப் பிடித்தான்.

"லூச்சியாவுக்குச் செய்யேக்குள்ளை நோகேல்லையோ? நானும் ஆறு நாள் ரெண்டு வீட்டிலை துடைக்கிறன். எனக்கும் ஞாயிறு வருது. தள்ளுங்கோ."

அவன் எழும்பிய இடத்தில் அவள் கால் நீட்டிப் படுத்தாள்.

விமலராஜ் அவள் முகத்தில் வெயில் படாமல் யன்னல் சீலையை இழுத்துவிட்டான். பிறகு அயன் பெட்டியின் வயரைச் செருகினான்.