பூஜையில் இல்லாத ஆயுதங்கள்

“உளியா? இன்னைக்கா? ஏன்யா, உனக்கு நல்ல புத்தியே கெடையாதா?”

தச்சர் கண்ணாயிரம் வாசலிலேயே கையை விரித்து மறித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் உளி, ரம்பம், சுத்தியல் எல்லாம் சந்தனமும் குங்குமமுமாகப் படுத்திருந்தன. அன்று ஆயுத பூஜை. பொட்டு வைத்த சாமானை மறுநாள் காலை எடுத்து வைக்கும் வரை எவனும் தொடக்கூடாது.

“அஞ்சு நிமிசம் குடுண்ணா. கிட்டார்ல ஒரு கட்ட பேந்துகிச்சு. ஒட்டிட்டுக் குடுத்துடறேன்,” என்றான் பரசுராமன்.

“அரை நிமிசம் தொட்டாலும் தோஷந்தான். சாமி என்ன கண்ண மூடிகினா இருக்கும்?”

“உன் துருப்புடிச்ச உளிய பாக்கறதுதான் சாமிக்கு வேலையா?”

கேட்டிருக்கக் கூடாது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது. பிறகு என்ன நினைத்தாரோ, சன்னல் வழியாக ஒரு கொட்டாங்குச்சி வெளியே நீண்டது. அதில் மரம் ஒட்டுகிற வஜ்ஜிரம்.

“பசை ஆயுதத்துல சேராது. எடுத்துகினு போ. இனிமே நாளைக்கு வரைக்கும் இந்தப் பக்கம் வராத.”

கொட்டாங்குச்சியும் கையுமாகத் தெருவில் நின்ற பரசுராமனுக்குக் காது வரை கொதித்தது. திருவண்ணாமலை முழுக்க இதே கதைதான். சைக்கிள் கடையில் ஸ்பேனருக்குப் பொட்டு. ரேடியோ கடையில் ஸ்க்ரூ டிரைவருக்கு மாலை. டிங்கரிங் பட்டறையில் கேட்டதற்குப் பொரிகடலை கொடுத்து அனுப்பினார்கள். கருவி கேட்டவனுக்குப் பொரி கொடுத்தால் மனுஷனுக்குக் கோபம் வருமா வராதா?

அவன் அவசரம் அவனுக்கு. பகலில் வேர்க்கடலை மண்டியில் எடை போடுகிறவன்தான். ஆனால் நாலு வருஷமாகச் சக்கரபாணி இன்னிசைக் குழுவின் கிட்டார் கலைஞனும் அவனே. அன்று சாயங்காலம் கீழ்பென்னாத்தூர் ரைஸ் மில்லில் ஆயுத பூஜைக் கச்சேரி. காலையில் கிட்டாருக்குப் பொட்டு வைக்கலாம் என்று எடுத்தால், கம்பிகளையெல்லாம் பிடித்திருக்கிற மரக்கட்டை ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

சக்கரபாணி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: “ஏழு மணிக்கு மேடையில கிட்டார் இருக்கணும் பரசு. மேடைன்னா கிட்டார் ஒண்ணு கண்ணுல தெரியணும். உன்னால முடியலன்னா வேலூர்ல ஒரு பையன் ரெடியா கீறான்.”

அதுகூடப் போகட்டும். கீழ்பென்னாத்தூர் அவன் மாமனார் ஊர். மாமனார் சின்னசாமி ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் மறக்காமல் கேட்பார்: “மத்தவங்கள்லாம் வாசிச்சாங்க. நீங்க எதுக்கு மாப்ள அவ்ளோ நேரம் ஒக்காந்திருந்தீங்க?” இந்தத் தடவை மேடையில் உட்காரக்கூட இல்லையென்றால் அந்த மனுஷன் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே கூத்து. மனைவி தனம் அரிவாள்மணை, கத்தரிக்கோல், அம்மி, உரல், அவனுடைய சைக்கிள் எல்லாவற்றையும் பொட்டு வைத்து உட்கார வைத்திருந்தாள்.

“ஒண்ணையும் தொடாதீங்க!”

“அப்ப பழைய பசைய எதால சொரண்டறது? பல்லாலயா?”

“சொரண்டுங்க. பல்லுக்கு இன்னும் பொட்டு வெக்கல.”

பரசுராமன் பல்லைக் கடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். அங்கே உடைசல் சாமான் ஒரு குவியல் கிடந்தது. குவியலுக்கு எவளும் பொட்டு வைக்கவில்லை. “எவன் தயவும் வேணாம்! நானே செய்யறேன்டா கருவி!” என்று வேலியைப் பார்த்துக் கத்தினான். வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணாயிரத்தின் வீடு.

மண்ணெண்ணெய் டின் மூடி ஒன்றை மிதித்துத் தட்டையாக்கி, துணி துவைக்கிற கல்லில் தேய்த்துக் கூராக்கினான். பார்த்தால் உளி மாதிரியே இருந்தது. பெருமையாகத் தூக்கிப் பிடித்தபோது பின்னால் தனம் நின்றாள், கையில் குங்குமச் சிமிழோடு.

“எதுக்குடி அது?”

“கூரா இருக்குதே, இதுவும் ஆயுதந்தானே? பொட்டு வெக்க வாணாமா? இன்னைக்குன்னு பாத்து வீட்ல ஒண்ண விட்டுட்டா குத்தம்.”

“பொட்டு வெச்சிட்டா நான் எப்பிடிடி தொடறது?”

“நாளைக்குத் தொடுங்க.”

அவள் கிண்டல் செய்கிறாளா, நிஜமாகவே சொல்கிறாளா என்று யோசிக்க நேரமில்லை. பொட்டு வருவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். கம்பிகளைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டையைப் பெயர்த்து, அவசர அவசரமாகச் சுரண்டினான். பழைய பசை போனது. கூடவே வார்னிஷும் உள்ளங்கை அகலத்துக்குப் போனது.

“ஐயோ!” என்று அவன் தலையில் கையை வைத்த நேரத்தில் டின் மூடிக்குப் பொட்டு விழுந்தது.

வஜ்ஜிரத்தைக் காய்ச்சித் தடவிக் கட்டையை ஒட்டினான். காயும்வரை இறுக்கிப் பிடிக்க ஏதாவது வேண்டும். கிழிந்த சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்துக் கிட்டாரைச் சுற்றிச் சுற்றிக் கட்டினான். இடையில் ஒரு குடைக்கம்பியைச் செருகி முறுக்கினான். இறுக்கம் போதுமென்று அவன் கை சொன்னது. ஆனால் சமையல்கட்டிலிருந்து வளையல் சத்தம் கேட்டது.

“வராதடி! இது ஆயுதமில்ல, டியூபு!”

“குடைக்கம்பி கீதே!”

அவள் வருவதற்குள் இன்னொரு முறுக்கு முறுக்கினான். ‘டப்’ என்றது. கிட்டாரின் வயிற்றில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு ஓடியது.

பரசுராமன் வாயில் வந்ததை எல்லாம் சொன்னான். கண்ணாயிரம், அவர் உளி, சைக்கிள் டியூபைக் கண்டுபிடித்தவன், ஆயுத பூஜையை வாரநாளில் வைத்தவன், ஒருத்தர் பாக்கியில்லை. தனம் காதைப் பொத்திக்கொண்டு, “நல்ல நாளும் அதுவுமா வாயப் பாரு! அந்த வாய்க்கும் ஒரு பொட்டு வெக்கணும்!” என்று கத்தினாள்.

வெடிப்பை மறைக்கக் காலண்டரிலிருந்து அண்ணாமலையார் படத்தைக் கிழித்து மேலே ஒட்டினான். வார்னிஷ் போன இடமும் சேர்ந்து மறைந்துவிட்டது. தனம் சட்டென்று அடங்கி, கிட்டாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்து அவனுக்கு இன்னும் எரிந்தது.

வெயில் இறங்கியது. வஜ்ஜிரம் ஒரு மாதிரி பிடித்திருந்தது. இனி கம்பிகளை மாட்டி முறுக்க வேண்டியதுதான் பாக்கி. முறுக்குகிற காதுகள் துருவேறி விரலால் திருப்ப முடியவில்லை. உடைந்த தண்ணீர்க் குழாயின் கைப்பிடியை எடுத்துக் காதில் மாட்டித் திருகினான். அடடா, வெண்ணெய் மாதிரி திரும்பியது. எவ்வளவு திரும்பியதென்றுதான் தெரியவில்லை. முதல் கம்பி டங்கென்று அறுந்து அவன் மூக்கைக் கீறியது.

“போடா!” என்று அடுத்ததைத் திருகினான். அதுவும் போனது. கோபத்தில் திருகத் திருக ஒவ்வொன்றாக அறுந்தது. கடைசியில் தடித்த கம்பி ஒன்றே ஒன்று மிஞ்சியபோதுதான் கைப்பிடியைத் தூக்கி வேலிக்கு மேல் எறிந்தான். அந்தப் பக்கம் கண்ணாயிரம் “எவன்டா அது!” என்றார். புதுக் கம்பி வாங்க வேலூர்தான் போக வேண்டும். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்கோ நேரமாகிவிட்டது.

பஸ்ஸில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு தனத்தோடு போனான். இன்றோடு நம் கதை முடிந்தது என்றுதான் நினைத்தான்.

ரைஸ் மில் மேடையில் ஏறியதும் சக்கரபாணி கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன பரசு, ஒரே கம்பி கீது?”

“மீதி அறுந்துடிச்சி சார். இன்னைக்கு ஒரு நாள் சமாளிச்சிடறேன். வேலூர் பையன மட்டும் கூப்பிடாதீங்க.”

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டான். சக்கரபாணி திட்டவில்லை. அந்த ஒற்றைக் கம்பியை விரலால் சுண்டிப் பார்த்தார். “ஒண்ணுதான? ஒக்காரு, ஒக்காரு,” என்று சொல்லிவிட்டு மைக் செட் காசியிடம் போய் ஏதோ பேசினார்.

கச்சேரி ஆரம்பித்தது. பரசுராமன் பயந்து பயந்து ஒரு தட்டுத் தட்டினான். ‘டும்ம்’ என்று மில் சுவரில் கட்டியிருந்த ஒலிபெருக்கி முழங்கியது. அவனே திடுக்கிட்டான். நாலு வருஷத்தில் தன் கிட்டார் இப்படிக் கேட்டு அவன் அறிந்ததில்லை. மறுபடி தட்டினான். டும்ம். கூட்டம் திரும்பிப் பார்த்தது. முன் வரிசையில் சின்னசாமி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு பரசுராமனை யார் பிடிக்க முடியும்? பாட்டுக்குப் பாட்டு டும்ம் டும்ம் என்று வெளுத்து வாங்கினான்.

கச்சேரி முடிந்ததும் மாமனார் மேடைக்கே ஏறி வந்து அண்ணாமலையார் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“இன்னைக்குத்தான் மாப்ள நீங்க வாசிச்சது என் காதுல வுழுந்துச்சு. ஜோரு!”

பரசுராமனுக்கு நெஞ்சு விம்மியது. காலையிலிருந்து பட்ட அவமானம் அத்தனையும் அந்த ஒரு வார்த்தையில் கரைந்தது. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். ஒயர் சுருட்டிக்கொண்டிருந்த காசியைப் பிடித்துக்கொண்டான்.

“கேட்டியாடா சத்தத்த? உளி குடுக்க மாட்டேன்னான் அந்தக் கண்ணாயிரம்! டின்னு மூடி, டியூபு, குழாக் கைப்பிடி! எல்லாம் நானே செஞ்ச கருவிடா. அதுல ரிப்பேர் பண்ணதாலதான் கிட்டார் இந்தப் போடு போடுது!”

காசி ஒயரைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

“அது இல்லண்ணா. நாலு வருசத்துல இன்னைக்குத்தான் உங்க மைக்க ஆன் பண்ணேன். ஒரே கம்பியில எவ்ளோதான் தப்பா வாசிச்சிடப் போறான், போட்டு வுடுன்னு சக்கரபாணி சார் சொன்னாரு.”