பர்ஸானாவின் காருக்குக் குளிர்

கிரான் சந்தியும் தாண்டிப் போயிற்று. மீட்டர் முள் மட்டும் படுத்த இடத்தை விட்டு எழும்பவில்லை.

பர்ஸானா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மீட்டர் கண்ணாடியைத் தட்டினாள். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் அடிக்கோட்டிலேயே கிடந்தது. கார் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு ஓடியது.

"பர்ஸானா, அந்த முள்ளுக்கு உயிர் இரிக்கா?" என்று முன் சீட்டிலிருந்த அஸீமா டீச்சர் கேட்டார்.

"இரிக்கி டீச்சர். ஒழும்ப மனமில்ல, அவ்வளவுதான்."

"எங்கட மனுசனும் விடியக்காலம இப்பிடித்தான் கிடப்பார்" என்றார், கிரானில் ஏறிப் பின் சீட்டில் அமர்ந்திருந்த சுலோஜனா டீச்சர்.

நான்கு டீச்சர்மாரை மட்டக்களப்பு டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவது ஓட்டமாவடி பர்ஸானாவின் தொழில். பெண் ஓட்டும் கார் என்பதால் வீடுகளில் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரேயொரு நிபந்தனைதான். ஏழரைக்கு அதிபர் வரவுப் பதிவில் சிவப்புக் கோடு கீறுவார். டீச்சர்மாரின் கையெழுத்து அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும்.

போன மாதம் ஏறாவூர்க் கடைத்தெருவில் கார் ஒருமுறை கொதித்தது. அந்தச் செய்தி கட்டார் வரை போனதுதான் பிழை.

பர்ஸானாவின் கணவன் றிப்ஷான் தோஹாவில் பெரிய கராஜ் ஒன்றில் எஞ்சின் பகுதிக்குப் பொறுப்பானவன். ஓட்டமாவடியில் இதை அறியாதவர் இல்லை. "எங்கட காக்கா ஓமெண்டு சொன்னாத்தான் அரபிமார் காரையே வெளிய எடுக்கிற" என்று அவன் தம்பி ஹில்மி அண்ணனைப் பற்றிக் கடைக்குக் கடை சொல்லி வைத்திருந்தான்.

ஆகவே, "அந்தச் சின்ன ரேடியேட்டரக் கழட்டி வீசுங்க, லொறிக்குப் போடுற மாதிரிப் பெருசாப் போடுங்க, ரெண்டு பேன் பூட்டுங்க" என்று றிப்ஷான் போனில் சொன்னபோது, செங்கலடி மெக்கானிக் தங்கராசா பாஸ் மறுபேச்சுப் பேசவில்லை. தண்ணீர் போகும் வழியில் இருந்த சின்ன வால்வையும் அவன் சொல்லித்தான் கழற்றினார்.

"அது தண்ணிய மறிக்கும் பாஸ். குளிர்தான் எஞ்சினுக்கு உயிர்" என்றான் றிப்ஷான்.

அன்றிலிருந்து கார் கொதிக்கவில்லை. சூடாகவும் இல்லை. பெற்றோலை மட்டும் தாகம் பிடித்த மாடு மாதிரிக் குடித்தது. ஓட்டமாவடிப் பாலத்தில் ஏறுவதற்கே முக்கியது.

கிரான் தாண்டியும் முள் எழும்பாத அன்று பின்னேரம், பர்ஸானா அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு றிப்ஷான் கோல் எடுத்தான்.

"ரேடியேட்டருக்குக் காத்து கூடிட்டு. முன்னால காட்போட் மட்டையக் கட்டு."

"மறுகா என்னத்துக்குப் பெரிய ரேடியேட்டர் வாங்கின?"

"எஞ்சின் வேலை உனக்கா தெரியும், எனக்கா தெரியும்?"

பர்ஸானா பிஸ்கட் பெட்டி ஒன்றைக் கிழித்துக் கட்டினாள். அடுத்த நாள் சித்தாண்டியில் மாரி மழை பிடித்தது. மட்டை ஊறியது, வளைந்தது, கடைசியில் ரேடியேட்டருக்கும் பேனுக்கும் இடையில் நழுவி விழுந்தது. பொனட்டுக்குள் கிறைண்டரில் கல் விழுந்த சத்தம். நிறுத்தித் திறந்தால் எஞ்சின் முழுக்கக் காகிதக் கூழ். பேன் இறகு ஒன்று உடைந்து கிடந்தது.

டீச்சர்மார் பள்ளிக்கூட வாசலில் இறங்கி ஓடினார்கள். சேலையைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடிப் போய்ச் சேர்ந்தவர் சுலோஜனா. அவரும் கோட்டுக்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டார்.

"பேன்தான் கரைச்சல்" என்றான் றிப்ஷான் இரவு. "ரெண்டையும் வயரக் கழட்டி வை. மட்டை சரிவராது, உரபேக்கால இறுக்கி மூடு."

உரச் சாக்கால் மூடினாள். மறுநாள் செங்கலடியில் முள் மெல்லத் தலை தூக்கியது.

"பர்ஸானா, ஒழும்பிட்டு" என்று அஸீமா டீச்சர் கத்தினார். நான்கு பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஏறாவூரில் பஸ் ஒன்று குறுக்கே நின்று பாதையை மறித்தபோது முள் சரியாக நடுவில் நின்றது. பர்ஸானா ஆசையோடு படம் எடுத்துக் கட்டாருக்கு அனுப்பினாள்.

படம் போய்ச் சேர்ந்தது. முள் நிற்கவில்லை. நடுவைத் தாண்டி மேலே போய், சிவப்பில் தலையை முட்டியது. பொனட்டிலிருந்து ஆவி சீறியது. மீன் வாங்க வந்தவர்கள் மீனை மறந்து காரைச் சுற்றிக் கூடினார்கள்.

அந்த நேரம் பார்த்து போனில் பதில் வந்தது: 'பாத்தியா? நான் சொன்னன்.'

டீச்சர்மார் ஓட்டோவில் போனார்கள். மறுபடியும் கோட்டுக்குக் கீழே.

மூன்றாவது வைத்தியமும் வந்தது. "பேனக் கொழுவு. உரபேக்கக் கழட்டு. எங்கயும் ரெண்டாம் கியரத் தாண்டாத. எஞ்சின் கத்தினாத்தான் சூடு பிடிக்கும்."

எஞ்சின் கத்தியது. ஓட்டமாவடியில் தொடங்கிய ஓலம் தன்னாமுனையில் தேவாலயத்துக்கு வந்தவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. சைக்கிளில் மரக்கறி கொண்டுபோன ஒருவர் காரை முந்திப் போய், கொஞ்சம் பொறுத்து, "புள்ள, ஏதும் உதவி வேணுமா?" என்று கேட்டார். முள் அடிக்கோட்டில் நிம்மதியாகத் தூங்கியது.

பள்ளிக்கூட வாசலில் அஸீமா டீச்சர் உடனே இறங்கவில்லை.

"கோவிக்காத பர்ஸானா. எங்கட அவர் வேன் ஒண்டு பேசிட்டார். திங்கக்கிழமையில இரிந்து."

"மத்த டீச்சர்மாரும் போறாங்களா?"

அஸீமா டீச்சர் கைப்பையின் சிப்பை மூடித் திறந்தார். அதுவே பதில்.

அன்று பின்னேரம் றிப்ஷான் தீர்ப்பும் சொன்னான். "இந்தக் கார் உனக்கு ஏலா புள்ள. சனிக்கிழமைக்குள்ள சரிவராட்டி சாவிய ஹில்மிட்டக் குடு. அவன் ஹயருக்கு ஓடுவான்."

ஹில்மி அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டான். பின் கண்ணாடியைச் சாணால் அளந்துகொண்டு நின்றான்.

"என்ன மச்சான் அளக்கிறீங்க?"

"ஸ்டிக்கர் ஒண்டு பாத்திரிக்கன் மதினி. கழுகுப் படம்."

பர்ஸானாவுக்கு உள்ளே எதுவோ கொதித்தது. அந்தக் காரில் கொதிக்க வேண்டியது அவள் ஒருத்திதான் போலிருந்தது. அவள் ஹில்மியின் கைக்குக் கீழிருந்தே காரை எடுத்துக்கொண்டு செங்கலடிக்குப் போனாள். நாலாம் கியரில்.

தங்கராசா பாஸ் ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்குக் கீழே கிடந்தார்.

"பாஸ், வெளிய வாங்க. அண்டைக்கு இந்தக் காரில என்னென்ன மாத்தின நீங்க?"

"ரேடியேட்டர், பேன், பிறகு அந்த வால்வு."

"ரேடியேட்டர மூடிப் பாத்தாச்சு. பேனக் கழட்டிப் பாத்தாச்சு. இனி மிச்சம் என்ன?"

பாஸ் எழுந்து உட்கார்ந்தார். "வால்வுதான் தங்கச்சி."

"அதிட வேலை என்ன?"

"எஞ்சின் சூடாகுமட்டும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம மறிக்கும். அது இல்லாட்டித் தண்ணி எந்நேரமும் ஓடிக்கிட்டே இருக்கும். பிறகெங்க சூடாகிற?"

"இது உங்களுக்கு முதலே தெரியுமா?"

"ஓம்."

"மறுகா ஏன் வாய் திறக்கல்ல?"

பாஸ் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "தங்கச்சி, தம்பி கட்டார்ல அவ்வளவு பெரிய எஞ்சின் வேலை பாக்கிற ஆள். நான் செங்கலடியில லேண்ட்மாஸ்டர் பாக்கிறவன். நான் எப்பிடி அவருக்குப் பாடம் எடுக்கிற? அதோட இந்த வெக்கைக்கு நாங்க எல்லாரும் அத எடுத்து எறியிறதுதான்."

"புது வால்வு பூட்டுங்க."

"தம்பி கோல் எடுத்தா?"

"ஓட்டுறவ சொன்னா, பூட்டினன் எண்டு சொல்லுங்க."

"கோவிப்பார் தங்கச்சி."

"அவர்ட கோவத்த நான் பாத்துக்கிறன். நீங்க வால்வப் பாருங்க."

வெள்ளிக்கிழமை காலை கிரான் சந்திக்கு முன்பே முள் எழும்பியது. நடுவுக்கு வந்தது. நின்றது. யாரும் கத்தவில்லை; ஒருமுறை கத்தி ஏமாந்தவர்கள். ஏறாவூர் நெரிசலிலும் அது அசையவில்லை. தன்னாமுனையில்தான் சுலோஜனா டீச்சர் மூச்சை விட்டார். அவர்கள் கையெழுத்துப் போட்டபோது அதிபர் சிவப்புப் பேனையைத் தேடத் தொடங்கியிருக்கவில்லை.

"வேன்காரனுக்கு வர வேணாமெண்டு சொல்லிர்றன்" என்றார் அஸீமா டீச்சர். "ஆனா பர்ஸானா, சாவி உங்கிட்ட இரிந்தாத்தான். ஹில்மியோட எங்கள வீட்டில அனுப்ப மாட்டாங்க."

சனிக்கிழமை பின்னேரம் ஹில்மி கழுகோடு வந்தான். ஒட்டுவதற்கு ஈரத்துணியும் கொண்டு வந்திருந்தான். றிப்ஷான் வீடியோ கோலில் இருந்தான். பர்ஸானா எஞ்சினை ஓடவிட்டு, சத்தத்தைக் கூட்டி, போனை மீட்டருக்கு முன்னால் பிடித்தாள்.

"நடுவில நிக்கி. ரெண்டு நாளா நிக்கி. பாத்துக்குங்க."

"நடுவிலயா? அது கூடாது புள்ள. எஞ்சின் எரிஞ்சி போகும். என்ன செஞ்ச?"

"நீங்க கழட்டச் சொன்ன வால்வப் பூட்டினன்."

"ஆரக் கேட்டுப் பூட்டின?"

"என்னையேதான் கேட்டன். நான் ஓமெண்டு சொன்னன்."

ஹில்மி இருமினான். "மதினி, காக்கா எவ்வளவு பெரிய..."

"மச்சான், அந்தக் கழுக உங்கட சைக்கிள்ல ஒட்டுங்க. சாவி தர மாட்டன்."

போனில் றிப்ஷானின் முகம் சிவந்தது. "பர்ஸானா, பத்து வருஷம் எஞ்சினோட கிடந்தவன் சொல்றன். வால்வக் கழட்டு. சாவிய இப்பவே தம்பிட கையில குடு. உன்னை விட இதில எனக்குத்தான்..."

அவன் முடிக்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் தடித்த கதவொன்று திறந்தது. வெள்ளைப் புகை மாதிரி ஏதோ வெளியே உருண்டு வந்தது. அதற்குள்ளிருந்து ஊர்த் தமிழில் ஒரு குரல் கேட்டது:

"டேய் றிப்ஷான், பொஞ்சாதியோட மறுகாப் பேசு, குளிர் ஜக்கட்டப் போட்டுக்கு உள்ள வா, பத்து வருஷமா ஐஸ் ரூமில கோழிப் பெட்டி அடுக்கிற உனக்கு, கண்டெய்னர் வந்தா என்ன செய்யிறதெண்டு இன்னும் நாங்களா சொல்லித் தரணும்?"