எஞ்சின் வாலிலா, இறக்கையிலா?

இனிமேல் டீக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று சூசையப்பன் சபதம் செய்தார். அந்தக் கடையில் உட்கார்ந்து விமானக் கதையை அளந்துவிட்டுக்கொண்டிருந்தவரே அவர்தான். மகள் நிமியின் பிரசவத்துக்காகக் கொச்சியிலிருந்து ஐதராபாத் போன சின்ன ஜெட் விமானம், அவர் சொல்லச் சொல்ல வளர்ந்துகொண்டே வந்தது. ஜோபி வரும்வரை எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

ஜோபி, மூணாறிலிருந்து டூரிஸ்டுகளைக் கொச்சி விமான நிலையத்துக்கு ஏற்றிப் போகும் டாக்சிக்காரர். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அண்ணே, அது எந்த மாடலு? எஞ்சின் வாலுல இருந்துச்சா, ரெக்கைக்குக் கீழ இருந்துச்சா?"

சூசையப்பன் எஸ்டேட் டீ பாக்டரியில் மெக்கானிக். மெஷின் லேசாக முனகினாலே எந்த பேரிங் என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் டீ ஆறிப்போச்சு என்று எழுந்து வந்துவிட்டார்.

உண்மை என்னவென்றால், அன்றைக்கு நல்ல மழை. விமானம்வரை நடந்துபோக ஆளுக்கொரு குடை கொடுத்தார்கள். பயத்தில் குடைக்குள் தலையைப் புதைத்து, முன்னால் போன மனைவி ஞானஜோதியின் செருப்பைப் பார்த்தபடியே ஏறினார். உட்கார்ந்ததும் கண்ணை மூடி ஜெபமாலையைப் பிடித்தவர், சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் திறந்தார். இறங்கியதும் நிமியைப் பார்க்கும் அவசரத்தில் ஓட்டம். திரும்பும்போது ரயில்தான் என்று அடம்பிடித்தார். அந்த ரயிலோடு ஞானஜோதியின் இடுப்பு போயிற்று. நெடுந்தூரம் ரயிலில் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆக, பேத்தியைப் பார்க்க வேண்டுமானால் விமானம்தான். சூசையப்பனோ, "கிறிஸ்துமஸுக்கு அவங்களே வருவாங்க" என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார். பேத்தி போனுக்குள்ளேயே குப்புற விழுந்து, போனுக்குள்ளேயே தவழ்ந்தாள். ஒவ்வொரு முறை வீடியோ முடியும்போதும் ஞானஜோதி அணைந்த திரையைத் தடவிக்கொண்டே இருப்பாள். அவளுக்கு அந்தப் பிள்ளையை ஒரு தடவை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சூசையப்பனுக்கும் ஏக்கம் இல்லாமல் இல்லை. ஆயுளில் ஒரே தடவை ஆகாயத்துக்குப் போய், ஒரு மேகத்தைக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டோமே என்று வயிறு எரிந்தது. ஆனால் மானம் முக்கியம். விமானத்தில் சன்னலோரம் உட்கார்ந்து வந்த மனைவியிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தார்.

"ஏட்டி, உனக்கு ஞாபகசக்தி இருக்கான்னு பாக்கேன். நம்ம போன பிளேனுக்கு எஞ்சின் எங்க இருந்துச்சு?"

"மெஷின்காரரு நீங்க. என்கிட்ட கேக்கீங்க?"

"கேட்டா பதில் சொல்லு."

ஞானஜோதி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "வாலுல."

"சீட்டு?"

"அந்தப் பக்கம் ரெண்டு, இந்தப் பக்கம் ரெண்டு."

சபதம் காற்றில் பறந்தது. டீக்கடைக்கு ஓடினார். ஜோபி விழுந்து விழுந்து சிரித்தார்.

"அண்ணே, நீங்க போன விமானக் கம்பெனிகிட்ட இருக்கது ரெண்டு மாடலு. ரெண்டுக்கும் பேரு எம்ப்ரேயர். நூத்தி நாப்பத்தஞ்சுன்னா எஞ்சின் வாலுல, ஒரு பக்கம் ஒத்தச் சீட்டு. நூத்தி எழுபத்தஞ்சுன்னா ரெண்டு ரெண்டு சீட்டு, எஞ்சின் ரெக்கைக்குக் கீழ. நீங்க சொல்லுத பிளேனு இன்னும் பொறக்கவே இல்ல."

சூசையப்பன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"நல்லா யோசிச்சுப் பாரு. அது எம்ப்ரேயராம்."

"எம்பிராய்டரியா? சீட்டுத் துணி வெறும் நீலமால்ல இருந்துச்சு. பூ ஒண்ணும் போடலயே."

"ஐயோ! எஞ்சின் எங்க இருந்துச்சு?"

"கண்டதச் சொன்னேன். நம்பலன்னா இன்னொருக்க ஏறிப் பாத்துக்கிடுங்க."

அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. பயம் ஒரு பக்கம் இழுத்தது, எஞ்சின் மறுபக்கம் இழுத்தது. கடைசியில் எஞ்சின் ஜெயித்தது. ஆனால் பெண்டாட்டிக்குத் தெரியக்கூடாதே! முகத்தைப் பாசமாக வைத்துக்கொண்டார்.

"ஞானம், பேத்தி மொகமே கண்ணுக்குள்ள நிக்கி. போய்ப் பாத்துட்டு வருவமா?"

"உங்களுக்கு எதுக்குங்க வீண் செரமம்?"

"நீ சும்மா இரி. நான் முடிவு பண்ணிட்டேன்."

பாக்டரி ஆபீசில் ஒரு வாரம் அவதி கேட்டார். மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை. சூசையப்பனின் நிலைமைக்குத் தமிழ் அர்த்தமும் பொருந்தித்தான் இருந்தது.

இந்த முறை கொச்சியில் சுள்ளென்று வெயில். குடை இல்லை. ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தபடி விமானத்தை நோக்கி நடந்தவர் தலையை நிமிர்த்தினார். இறக்கைக்குக் கீழே, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எவ்வளவு அழகான எஞ்சின்! இதையா பார்க்காமல் போனோம் என்று கண் கலங்கிவிட்டது. படியேறி உள்ளே போனால், சீட்டு ரெண்டு ரெண்டு.

"ஏட்டி, இது வேற பிளேனு! போன தடவ எஞ்சின் வாலுலன்னுதான சொன்ன?"

ஞானஜோதி சன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.

"இல்லங்க, போன தடவையும் இதே மாடல்தான்."

"பொறவு எதுக்குடி பொய் சொன்ன?"

"நெசத்தச் சொல்லியிருந்தா, நீங்க டீக்கடையிலயே இறங்கியிருப்பீங்களே!"